இங்கிலீஷ்காரங்களுக்கே கடுப்பேத்துற இங்கிலீஷ் தப்புகள் எதெல்லாம்?

ரீடிங்வாசி:

மக்களே, யூகே யூஎஸ்ல இருக்கறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்கறேன். நான் இங்கிலாந்துல ரீடிங்ங்கற ஊர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டிங் டீம்ல இருக்கேன். எங்க டீம் லீட் யார்க்‌ஷயர் ஆளு, அம்பது வயசுக்கு மேல இருக்கும், பொதுவா ரொம்ப சாது, பில்டு உடைஞ்சாக்கூட டென்ஷன் ஆக மாட்டார். ஆனா மெயில்ல எவனாவது 'ஷுட் ஹேவ்'னு எழுத வேண்டிய இடத்துல 'ஷுட் ஆஃப்'னு எழுதிட்டான்னா போச்சு, மூஞ்சி சுண்டிப்போயிடும். எழுதறது யாருன்னு பாத்தா எல்லாம் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்க.

போன வாரம் மீட்டிங்ல எசெக்ஸ் பக்கத்துலேருந்து புதுசா சேந்த ஒரு பொண்ணு, 'ஸ்பெசிஃபிக்'னு சொல்ல வேண்டிய இடத்துல எல்லாம் 'பசிஃபிக்', 'பசிஃபிக்'னே சொல்லிட்டு இருந்துச்சு, இவர் பக்கத்துல உக்காந்து பேனா மூடியை கழட்டறதும் மாட்டறதுமா இருந்தார். அதே மீட்டிங்ல நான் 'டுடே மார்னிங்'னு சொன்னேன், 'டிஸ்கஸ் அபவுட்'னு சொன்னேன், ஒரு சலனமும் இல்ல.

ஸ்கூல்ல நம்ம டீச்சருங்க எதுக்கெல்லாம் ஸ்கேலை எடுத்தாங்களோ அதுக்கு இவங்க கண்டுக்கறதே இல்ல, எதை நாம தப்புன்னே யோசிச்சதில்லையோ அதுக்கு இவங்களுக்கு ரத்தம் கொதிக்குது. நிஜமா இவங்களை எரிச்சல்படுத்தறது எது? நம்மளை எதுவும் சொல்லாம விடறது மரியாதைக்கா, இல்ல உள்ளுக்குள்ள திட்டிட்டுதான் இருக்காங்களா?


கண்ணாடிக்காரன்:

நான் சென்னைல உக்காந்துகிட்டு இங்கிலாந்து பப்ளிஷருங்களுக்கு காப்பி எடிட்டிங் பண்றவன், வெள்ளக்கார புரொபசருங்க எழுதினதை திருத்தறதுதான் சோறு போடுது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கங்க.

நீங்க சொன்ன 'ஷுட் ஆஃப்' தப்பை நம்மாளு பண்ணவே மாட்டான், பண்ணணும்னு நினைச்சாலும் வராது. நாம இங்கிலீஷை கண்ணால கத்துக்கிட்டவங்க, அவங்க காதால கத்துக்கிட்டவங்க, அவ்வளவுதான் மேட்டர். 'ஷுட் ஹேவ்'ங்கறதை அவங்க சாதாரணமா பேசறப்ப ஹ போயிடும், ஏ தேஞ்சுடும், மிச்சம் 'ஷுடவ்'. 'ஆஃப்'ங்கற வார்த்தையை அவங்க ஆஃப்னு சொல்றதில்ல, எஃப் போட்டு எழுதிட்டு 'அவ்'னுதான் சொல்றாங்க. ரெண்டும் காதுக்கு ஒண்ணுதான். எழுத்து தெரியறதுக்கு முன்னாடியே 'ஷுடவ்'னு பேசிப் பழகின குழந்தை, பின்னாடி எழுதறப்ப எந்த 'அவ்'னு எப்படி கண்டுபிடிக்கும்? நம்மூர்ல ஓ எஃப் போட்டாலும் ஆஃப், ஓ எஃப் எஃப் போட்டாலும் ஆஃப், ஹேவ்னா முழுசா ஹேவ். கொழம்பறதுக்கு வழியே இல்ல.

'தென்' (அப்புறம்), 'தேன்' (அதைவிட) மாத்தி எழுதறதும் இதே கதை. நமக்கு அது ரெண்டு உயிரெழுத்து, அவங்களுக்கு அவசரத்துல ரெண்டுமே 'தன்'. 'யுவர்'க்கும் 'யூ ஆர்' சுருக்கத்துக்கும் லண்டன்ல ஒரே சத்தம், 'யோ'. 'அஃபெக்ட்' 'எஃபெக்ட்'டும் அப்படித்தான். நான் பாத்த வரைக்கும் மேனுஸ்கிரிப்ட்ல இந்த நாலும் வந்தா எழுதினவர் பேரு ஸ்மித்தா இருக்கும், சுப்ரமணியமா இருக்காது.

இன்னொரு வகை இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. 'டேம்ப் ஸ்குவிப்'னு ஒரு மரபுத்தொடர் அவங்ககிட்ட உண்டு, ஸ்குவிப்னா சின்ன பட்டாசு, அதாவது நம்ம நமுத்துப்போன பட்டாசேதான். இப்ப யாருக்கும் ஸ்குவிப்னா என்னன்னு தெரியாது, அதனால காதுல விழுந்ததை தெரிஞ்ச வார்த்தையா மாத்தி 'டேம்ப் ஸ்குவிட்'னு சொல்றாங்க. ஈரமான கணவாய். கணவாய் கடலுக்குள்ள இருக்கறது, ஈரமா இல்லாம எப்படி இருக்கும்? ஒரு பெரியவர் இதை மேனுஸ்கிரிப்ட்ல எழுதி அனுப்பினார், நான் மார்ஜின்ல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன், அடுத்த ரவுண்டுல சத்தமில்லாம மாறி வந்துச்சு. 'இன்டென்ட்ஸ் அண்ட் பர்பஸஸ்' போயி 'இன்டென்சிவ் பர்பஸஸ்' ஆனதும், பலிகடாங்கற அர்த்தத்துல வர்ற 'ஸ்கேப்கோட்' போயி 'எஸ்கேப் கோட்' ஆனதும் இதே ஜாதி. ஏகார்ன், அதான் ஓக் மரத்துக் கொட்டை, அதை யாரோ 'எக் கார்ன்'னு எழுதினதை வச்சு 2003ல மொழியியல்காரங்க இந்த வகைக்கே 'எக்கார்ன்'னு பேர் வச்சுட்டாங்க.

உங்க லீட் கடுப்பாகறது இலக்கணத்துக்காக மட்டும் இல்ல. சொந்த பாஷையை இவன் படிச்சதே இல்ல, கேட்டது மட்டும்தான் போலன்னு அவருக்கு தோணுது பாருங்க, அந்தக் கோவம். உங்க இங்கிலீஷ் அவருக்கு ரெண்டாவது பாஷை கணக்குல வருது, அங்க மார்க் போடற முறையே வேற.


வெட்டிஆபீசர்:

பசிஃபிக் மேட்டர் சூப்பர் ப்ரோ. அடுத்த தடவை 'அட்லாண்டிக்கா சொல்லட்டுமா'ன்னு கேளுங்க.


ஹரோ மாமி:

நான் யாழ்ப்பாணம், இப்ப கனகாலமா லண்டனில ஹரோவில இருக்கிறன். தம்பி கண்ணாடிக்காரன் சொன்னது சரி, ஆனா இஞ்ச பிறந்த எங்கட பிள்ளையளைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல, அவையள் ரெண்டுக்கும் நடுவில நிக்கினம். என்ர மகன் வீட்டில தமிழ் கதைச்சாலும் இங்கிலீஷ் எண்டு வரேக்க முழு லண்டன் பெடியன். 'நதிங்' எண்டு சொல்லமாட்டான், 'நஃபிங்க்' எண்டுதான் வரும், 'த்ரீ' இல்லை 'ஃப்ரீ', 'பிரதர்' இல்லை 'பிரவ்வர்'. நாக்கைப் பல்லுக்கு வெளியில நீட்டிச் சொல்லு எண்டு நான் சொல்ல, அவனுக்குச் சிரிப்பு. எங்களுக்கு 'த' இருக்கு, அதால நாங்கள் 'தின்க்' எண்டு சொல்லுவம், வெள்ளைக்காரருக்கு அது வெளிநாட்டுத் தொனி. 'ஃபின்க்' எண்டு சொன்னா அது படிக்காத தொனி. ரெண்டும் பிழைதான், ஆனா பின்னால சொன்னதுக்குத்தான் ரீச்சர்மார் கூப்பிட்டுக் கதைப்பினம்.

இன்னொண்டு 'ஆஸ்க்' எண்டதை 'ஆக்ஸ்' எண்டு சொல்லுறது. அவன்ர பள்ளிக்கூடத்தில கரிபியன் பிள்ளையள் கனபேர், அவையளிட்ட இருந்து வந்தது. ஒரு பேரன்ட்ஸ் ஈவினிங்கில ரீச்சர் இதை ஒரு நோய் மாதிரிச் சொன்னவ. வீட்டை வந்து நான் தேடிப் பாத்தா பழைய இங்கிலீஷில ரெண்டு வடிவமும் இருந்திருக்கு, சோசர் எண்ட 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் காலத்தில 'ஆக்ஸ்' எழுதியிருக்கினம், 1535இல அச்சடிச்ச கவர்டேல் பைபிளில 'கேளுங்கள் தரப்படும்' எண்ட வசனமே 'ஆக்ஸ்' எண்டுதான் துவங்குது. பைபிளில இருந்தது இப்ப பள்ளிக்கூடத்தில பிழையாப் போச்சு. அதுக்காக மகனை அப்பிடியே விடேலுமோ, வேலை இன்டர்வியூவுக்குப் போகேக்க சோசரைக் கூட்டிக்கொண்டு போகேலாது தானே.


நெல்லைத்தம்பி:

ஹரோ மாமி அடிச்சு ஆடிட்டீங்க 🙏


சிடுமூஞ்சி:

எல்லாரும் 'தப்பு' 'தப்பு'ங்கறீங்க, இதுல பாதி தப்பே கெடையாது, வெறும் அந்தஸ்து பிரச்சனை. எவன் பேசறான்னு பாத்துதான் இவங்களுக்கு எரிச்சல் வருது.

உதாரணத்துக்கு 'லெஸ்' 'ஃப்யூவர்'. எண்ணக்கூடிய பொருளுக்கு ஃப்யூவர்தான் போடணும்னு குதிப்பாங்க. சூப்பர்மார்க்கெட் கேஷ் கவுண்டர்ல 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்'னு போர்டு வச்சதுக்கு இங்கிலாந்துல வருஷக்கணக்கா சண்டை, கடைசில 2008ல டெஸ்கோ 'அப் டு டென் ஐட்டம்ஸ்'னு மாத்தி ரெண்டு வார்த்தையும் வேணாம்டா சாமின்னு தப்பிச்சுக்கிட்டாங்க. இந்த விதி எங்கேருந்து வந்துச்சுன்னு போய்ப் பாருங்க, 1770ல ராபர்ட் பேக்கர்னு ஒருத்தர் 'இப்படிச் சொன்னா எனக்கு நல்லா இருக்கற மாதிரி தோணுது'ங்கற ரேஞ்சுல எழுதி வச்சது. அதுக்கு எண்ணூறு தொள்ளாயிரம் வருஷம் முன்னாடியே ஆல்ஃபிரட் ராஜா காலத்து எழுத்துல எண்ணக்கூடிய பொருளுக்கு லெஸ் இருக்கு. ஒரு ஆளோட விருப்பம், அப்புறம் ஸ்கூல் புத்தகத்துல ஏறி, சட்டமாயிடுச்சு.

உச்சரிப்புல இன்னும் மோசம். ரெண்டாம் உலகப்போர் டைம்ல பிபிசி, யார்க்‌ஷயர்ல ஹாலிஃபாக்ஸ்காரரான வில்ஃபிரட் பிக்கிள்ஸை நியூஸ் வாசிக்க வச்சாங்க. மனுஷன் ஒழுங்கா இலக்கண சுத்தமாத்தான் வாசிச்சார், தொனி மட்டும் வடக்கு. ஜனங்க புகார் எழுதித் தள்ளிட்டாங்க. உங்க லீட்டும் யார்க்‌ஷயர்னு சொல்றீங்க, அவர் தாத்தா காலத்துல அவர் பாஷையே இந்த லிஸ்ட்ல இருந்திருக்கும்.

1954ல ஆலன் ராஸ்னு ஒரு பர்மிங்ஹாம் புரொபசர், மேல்தட்டு ஆளுங்க எந்த வார்த்தை சொல்லுவாங்க மத்தவங்க எதைச் சொல்லுவாங்கன்னு பட்டியலே போட்டார். 'பார்டன்'னு பணிவா கேட்டீங்கன்னா நீங்க நடுத்தரம், மொட்டையா 'வாட்'னு கேட்டா நீங்க பிரபு. நம்ம கான்வென்ட்ல எதைச் சொல்லிக்கொடுத்தாங்கன்னு யோசிச்சுக்கோங்க.


டல்லாஸ்பாண்டி:

அமெரிக்கா பக்கம் நிலவரம் சொல்றேன். இங்க நம்பர் ஒன் எரிச்சல் 'நியூக்ளியர்'ங்கறதை 'நியூக்குலர்'னு சொல்றது. ஜார்ஜ் டபிள்யூ புஷ் சொன்னப்ப ஊரே சிரிச்சுச்சு ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே ஜனாதிபதி ஐசனோவர் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தார், அணுகுண்டு மேல கையை வச்சிருந்த ஆளே அதை சரியா சொல்லலைன்னா மத்தவன் என்ன செய்வான். காரணம் என்னன்னா இங்கிலீஷ்ல 'க்குலர்'னு முடியற வார்த்தை கொட்டிக்கிடக்கு, மாலிக்யூலர், மஸ்குலர், சர்க்குலர், பர்ட்டிக்குலர்னு, 'க்ளியர்'னு அந்த மாதிரி முடியறது வேற ஒண்ணும் ஞாபகத்துக்கே வராது, நாக்கு கூட்டம் இருக்கற பக்கம் போயிடுது. மெரியம் வெப்ஸ்டர் டிக்‌ஷனரில அந்த உச்சரிப்பையும் போட்டு பக்கத்துல ஒரு குறி வச்சிருக்காங்க, அதாவது இப்படியும் சொல்றாங்க ஆனா பலபேருக்கு புடிக்காதுன்னு. அதுக்கே டிக்‌ஷனரி திட்டு வாங்குது.

ரெண்டாவது 'லிட்ரலி'. 'சிரிச்சு சிரிச்சு லிட்ரலி செத்துட்டேன்'னு சொல்றவன் உயிரோட எதிர்ல நிக்கறான்னு இவங்களுக்கு ஆத்திரம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2011ல அந்த அர்த்தத்தையும் சேத்தாங்க, 2013லதான் பேப்பர்காரங்க கண்ணுல பட்டுச்சு, அன்னைக்கு இங்கிலீஷ் செத்துப்போச்சுன்னு ஒரே ஒப்பாரி. அந்த உபயோகம் 1769லயே இருக்குன்னு அதே அகராதி உதாரணம் காட்டுது, அதையெல்லாம் யாரு படிக்கறா.

அப்புறம் 'ஐ குட் கேர் லெஸ்'. இதை பிரிட்டிஷ்காரங்க முன்னாடி சொல்லிப் பாருங்க. அவங்க 'குடின்ட் கேர் லெஸ்', இதுக்கு மேல அக்கறை குறைய வழியில்லன்னு. அமெரிக்கன் அந்த 'இன்ட்'டை முழுங்கிட்டான், இப்ப அர்த்தம் தலைகீழா நிக்குது, ஆனா சொல்றவனும் கேக்கறவனும் ஒண்ணாத்தான் புரிஞ்சுக்கறாங்க. 'இர்ரிகார்ட்லெஸ்'னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் இல்லை இல்லைன்னு, அது டிக்‌ஷனரில 1934லேருந்து இருக்கு, ஆனா வருஷாவருஷம் யாரோ ஒருத்தர் புதுசா கண்டுபிடிச்சு அதிர்ச்சி ஆவாங்க.

என் மாமனார் ஊர்லேருந்து வந்தப்ப காபி கடைல 'எக்ஸ்பிரஸ்ஸோ'ன்னு கேட்டார், கவுண்டர்ல இருந்த பையனும் 'எக்ஸ்பிரஸ்ஸோ'ன்னே திருப்பிச் சொல்லி பில் போட்டான். பின்னாடி க்யூல நின்ன வெள்ளக்காரம்மாதான் 'எக்ஸ் இல்ல, எஸ்'னு முணுமுணுத்தாங்க.


மார்க்கெட்முருகு:

அப்பாஸ்ட்ரஃபியை யாருமே சொல்லலையா!! அதுதாம்பா இந்த ஊரோட தேசிய நோய். நான் லீட்ஸ்ல இருக்கேன், சந்தைல அட்டைல மார்க்கர் பேனால எழுதி வச்சிருப்பாங்க, பொட்டேட்டோ போட்டு மேல ஒரு கமாவை தொங்கவிட்டு அப்புறம் எஸ். பன்மைக்கு எதுக்குய்யா அது. பக்கத்துல கேரட்டுக்கு தொங்கல் இல்ல, தக்காளிக்கு இருக்கு, ஓ-ல முடிஞ்சா போடணும்னு அந்த ஆளு மனசுல ஒரு விதி ஓடுது போல. 'காய்கறிக்கடைக்காரர் அப்பாஸ்ட்ரஃபி'ன்னு இதுக்கு பேரே இருக்கு.

இதுக்காகவே ஜான் ரிச்சர்ட்ஸ்னு ஒரு ரிட்டயர்டு பத்திரிகைக்காரர் 2001ல அப்பாஸ்ட்ரஃபி பாதுகாப்பு சங்கம் ஆரம்பிச்சார், கடைகளுக்கு மரியாதையா லெட்டர் போடுவாரு. அதே வருஷம் இக்நோபல்னு, நோபலைக் கிண்டல் பண்ற பரிசும் குடுத்தாங்க. 2019ல, அறியாமையும் சோம்பேறித்தனமும் ஜெயிச்சுடுச்சுன்னு சொல்லி தன்னோட 96வது வயசுல இழுத்து மூடிட்டாரு. பிரிஸ்டல்ல ஒரு ஆளு ராத்திரில நீளமான குச்சி ஒண்ணை எடுத்துக்கிட்டு போய் கடை போர்டுல இருக்கற தப்பான அப்பாஸ்ட்ரஃபி மேல ஸ்டிக்கர் ஒட்டுவாராம், 2017ல பிபிசில காட்டுனாங்க, பேரு சொல்லல. உங்க லீட் ராத்திரில எங்க போறாருன்னு கொஞ்சம் விசாரிங்க 😂

முனிசிபாலிட்டிகாரனும் சும்மா இல்ல. பர்மிங்ஹாம் கவுன்சில் 2009ல தெருப்பலகைல அப்பாஸ்ட்ரஃபியே வேணாம்னுட்டாங்க. 2024ல நார்த் யார்க்‌ஷயர் கவுன்சில் கம்ப்யூட்டர் டேட்டாபேஸுக்கு ஒத்து வரலன்னு அதையே பண்ணாங்க, ஹாரகேட்ல புதுசா வச்ச ஒரு பலகைல எவனோ பேனால அதை திரும்ப வரைஞ்சுட்டுப் போயிட்டான்.


ரீடிங்வாசி:

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, நன்றி. சிடுமூஞ்சி சொன்ன அந்தஸ்து பாயிண்ட் புரியுது ஆனா முழுசா ஒத்துக்க முடியல, 'ஷுட் ஆஃப்' எழுதற எங்க டைரக்டர் நல்ல வசதியான வீட்டு ஆளுதான், அவர் மேலயும் லீட்டுக்கு அதே கடுப்பு. சரி அது போகட்டும், என் ரெண்டாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. நம்மாளுங்க பேசறதுல எது அவங்களை நிஜமா உறுத்தும்? தொனியை மாத்தற ஐடியா எல்லாம் இல்ல, வேலைக்கு எது இடைஞ்சலா இருக்கும்னு மட்டும் தெரியணும்.


சிடுமூஞ்சி:

வசதி வேற வகுப்பு வேற, அங்க அது ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா டைரக்டர் மேலயும் கடுப்புன்னா உங்க லீட் நேர்மையான ஆளு, ஒத்துக்கறேன்.


கண்ணாடிக்காரன்:

ரெண்டாவது கேள்விக்கு வரேன். உறுத்தறது வேற, புரியாமப் போறது வேற. 'டுடே மார்னிங்', 'டிஸ்கஸ் அபவுட்' இதெல்லாம் காதுல இடிக்கும், அர்த்தம் கெடாது, அதான் விட்டுடறாங்க. ஆபத்தானது, சொன்ன வார்த்தை சரியா இருந்து அவங்க வேற அர்த்தத்துல எடுத்துக்கறது.

'ஐ ஹேவ் எ டவுட்' அப்படித்தான். நமக்கு அது கேள்வி. அவங்களுக்கு 'நீ சொல்றதை நான் நம்பல'. ஒருத்தர் ஒரு மணி நேரம் டிசைன் விளக்கி முடிச்சதும் நாம சிரிச்ச முகத்தோட 'ஐ ஹேவ் டூ டவுட்ஸ்'னு ஆரம்பிச்சா அவர் சட்டுனு நிமிந்து உக்காருவார் பாருங்க. 'கொஸ்டின்'னு சொல்லிட்டா போதும். 'ரிவர்ட்'டும் இந்த வகைதான், நாம பதில் போடுங்கன்னு சொல்றோம், சாஃப்ட்வேர் ஆளுக்கு ரிவர்ட்னா பண்ணின மாத்தத்தை எடுத்துடறது. நீங்க டெஸ்டிங்ல இருக்கீங்க, 'ப்ளீஸ் ரிவர்ட்'னு மெயில் போட்டு அவன் கோடை பழைய நிலைக்கு கொண்டு போயிட்டான்னா யாரைச் சொல்லி அழறது.

'டூ தி நீட்ஃபுல்' பாவம், அது அவங்களே ஒரு காலத்துல ஆபீஸ் கடிதத்துல எழுதினது, அங்க வழக்கொழிஞ்சு போச்சு, நாம பத்திரமா வச்சிருக்கோம். கேட்டா சிரிப்பாங்க, கோவப்பட மாட்டாங்க. 'மைசெல்ஃப் ரமேஷ்'னு நாம அறிமுகப்படுத்திக்கறதை கிண்டல் பண்றவங்க ஊர்லயே இப்ப ஆபீஸ் மெயில்ல 'ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்'னு எழுதறாங்க, 'மீ'ன்னு எழுதினா மரியாதைக் குறைவா இருக்கும்னு பயம். சின்ன வயசுல 'மீ அண்ட் டாம்'னு சொன்னதுக்கு திட்டு வாங்கி வாங்கி, 'பிட்வீன் யூ அண்ட் மீ'ங்கறது சரியா இருக்கற இடத்துலகூட 'பிட்வீன் யூ அண்ட் ஐ'ன்னு போட்டுடறாங்க. அதுக்கும் உங்க லீட் பேனா மூடியைத்தான் கழட்டுவார்.

உச்சரிப்புல நம்ம பிரச்சனை அவங்களோடதுக்கு நேர் எதிர். அவங்க முழுங்கறாங்க, நாம ஒரு எழுத்தையும் விடறதில்ல. 'கம்ஃபர்டபிள்'ல நாலு அசையையும் சொல்லுவோம், அவங்களுக்கு 'கம்ஃப்டபுள்'. 'வெஜிடேபிள்' அங்க 'வெஜ்டபுள்'. சாமன் மீனுக்கு நாம எல் போட்டு சால்மன், பிளம்பருக்கு பி-யை விட மாட்டோம், ரிசீட்டுக்கு பி-யை விட மாட்டோம். இதுல எதுவும் யாரையும் கோவப்படுத்தாது. ஆனா அழுத்தம் இடம் மாறினா ஒரு நொடி தடுக்கும். 'டெவலப்'புக்கு நாம முதல் அசைல குத்துவோம், அவங்க நடுவுல. 'ஃபோட்டோகிராஃபர்'னா நாம முன்னாடி, அவங்க 'ஃபடாக்ரஃபர்'னு ரெண்டாவதுல. போன்ல பேசறப்ப அவங்க 'சாரி?'ன்னு திருப்பிக் கேக்கற இடங்களை கவனிங்க, பெரும்பாலும் அழுத்தம்தான்.


நெல்லைத்தம்பி:

அண்ணே அந்த ஹெச் மேட்டர் என்ன? நம்ம காலேஜ்ல ஹெச்ஓடி, ஹெச்ஆர்னுதான் எல்லாரும் சொல்லுவோம், எங்க கிளையன்ட் 'எய்ச்'ங்கறான்.


ஹரோ மாமி:

தம்பி, அகராதியில 'எய்ச்' தான். 'ஹெய்ச்' எண்டு முன்னால ஹ போட்டுச் சொல்லுறது அயர்லாந்துப் பழக்கம், இப்ப இஞ்ச இளம் பிள்ளையளும் கூடச் சொல்லினம், பழைய ஆக்களுக்கு அது காதில குத்தும். வட அயர்லாந்தில இது விளையாட்டில்லை, கத்தோலிக்கர் 'ஹெய்ச்', புரட்டஸ்தாந்துக்காரர் 'எய்ச்' எண்டு வழக்கம் இருந்தது, கலவரக் காலத்தில ஆரெண்டு கண்டுபிடிக்க இந்த ஒரு எழுத்தைச் சொல்லச் சொல்லுறதாம் எண்டு என்னோட வேலை செய்த பெல்ஃபாஸ்ட் மனிசி சொன்னவ. நீர் ஹெச் எண்டே சொல்லும், உம்மை ஒருத்தரும் அயர்லாந்துக்காரன் எண்டு நினைக்கமாட்டினம்.


புதுமாணவன்:

எல்லாரும் பெரிய விஷயம் பேசிட்டு இருக்கீங்க, நடுவுல வர்றதுக்கு சாரி. வர்ற செப்டம்பர்ல எம்எஸ்சி சேரப்போறேன், யூனிவர்சிட்டி பேரு எல் ஓ யூ ஜி ஹெச் பி ஓ ஆர் ஓ யூ ஜி ஹெச். லோக்போரோவா லௌபரோவா? ஏஜென்டுக்கும் தெரியல.


மார்க்கெட்முருகு:

லஃப்பரா. முதல் ஜி ஹெச்சுக்கு ஃப, ரெண்டாவது ஜி ஹெச்சுக்கு ஒண்ணும் கெடையாது, ஏன்னு கேக்காதீங்க. பக்கத்து ஊரு லெஸ்டர், அதை லீசெஸ்டர்னு சொல்லிடாதீங்க. ஆரம்பத்துல ரயில் டிக்கெட்டை மெஷின்லயே எடுத்துக்கங்க, பேச வேண்டிய தேவையே இருக்காது.